தகடு பொய் சொல்லவில்லை: எம்5 சாலையில் ஆடிய ஒரு கேரவனின் எடைக் கணக்கு

2023 ஆகஸ்ட், சனிக்கிழமை பிற்பகல். பர்மிங்ஹாமில் என் பக்கத்து வீட்டில் இருப்பவர் எம்5 மோட்டார்வேயில் உள்ள செட்ஜ்மூர் சர்வீஸ் நிறுத்தத்திலிருந்து போன் செய்தார். குரலில் நடுக்கம் தெரிந்தது. மனைவி, மூன்று பிள்ளைகளோடு இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலுக்குக் கிளம்பியிருந்தார்கள். கேரவன், அதாவது காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு, வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கேரவனை இழுத்துக்கொண்டு போகும் முதல் நீண்ட பயணம் அது.

"இனி ஒரு அடிகூட இதை இழுக்க மாட்டேன். நீங்கள் வந்து பாருங்கள்" என்றார்.

நான் பதினான்கு வருடமாகக் கேரவன் இழுக்கிறேன். ஒரு பொருளைக்கூட இடம் மாற்றாமல், மீட்பு லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அப்படியே செய்தார். அடுத்த சனிக்கிழமை அது கிளம்பிய அன்று இருந்த நிலையிலேயே என் காரில் மெதுவாக இழுத்துப்போய் எடைமேடையில் ஏற்றினோம். இந்த ஆய்வு அங்கே கிடைத்த எண்களிலிருந்து எழுதியது. காரின் மாடலையும் விற்ற கடையையும் சொல்லப்போவதில்லை. எந்த நடுத்தர ஹாட்ச்பேக்கிலும் இது நடந்திருக்கும்.

சாலையில் நடந்தது

பிரிஸ்டலுக்கு மேற்கே எம்5 சாலை ஏவன் ஆற்றை உயரமான ஏவன்மவுத் பாலத்தில் கடக்கிறது. பக்கக் காற்றுக்குப் பேர்போன இடம். அங்கேயே பின்னால் ஒரு அசைவு தெரிந்திருக்கிறது. பாலம் தாண்டியதும் நின்றுவிட்டதால் காற்று என்று விட்டுவிட்டார். முதல் எச்சரிக்கை அதுதான். காற்று நின்றதும் ஆட்டம் நிற்பது சரி. ஆனால் ஓட்டுநரின் கைக்கு அது எட்டும் அளவுக்கு வந்ததே கேரவன் உறுதியாக இல்லை என்பதற்கு அடையாளம்.

கோர்டானோவைத் தாண்டியதும் சாலை ஒரு குன்றில் ஏறி, கிளீவ்டன் பக்கம் இறங்குகிறது. கேரவன் இழுக்கும் காருக்கு மோட்டார்வேயில் சட்டப்படி மணிக்கு 60 மைல்தான். அந்த இறக்கத்தில் வேகமானி 63 காட்டியதாகச் சொன்னார். முன்னால் ஒரு பெரிய லாரி. பிரிட்டனில் லாரிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 56 மைலில் நிறுத்திவிடும். அதனால் கேரவன்காரர் லாரியை முந்தும்போது இரண்டு வண்டிக்கும் நாலைந்து மைல்தான் வித்தியாசம் இருக்கும், பக்கத்திலேயே வெகுநேரம் ஓட வேண்டியிருக்கும். அந்த நேரம் முழுக்க லாரியின் பக்கவாட்டுக் காற்று கேரவனை உள்ளே இழுக்கும். லாரியின் மூக்கைத் தாண்டும்போது சட்டென்று வெளியே தள்ளும்.

தள்ளிய அந்த நொடியில் கேரவனின் வால் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போனது. அவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினார். அடுத்த ஆட்டம் இன்னும் பெரிதாக வந்தது, மறுபடி திருப்பினார். மூன்றாவது ஆட்டத்தில் காரின் பின்பக்கமே நகர்வது உட்கார்ந்திருந்த இடத்தில் தெரிந்ததாம். கண்ணாடியில் பார்த்தால் ஒருமுறை கேரவனின் இடப்பக்கச் சுவர், அடுத்த நொடி வலப்பக்கச் சுவர். மனைவி "காலை எடுங்கள்" என்று கத்தியிருக்கிறார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கையை அசையாமல் பிடித்ததும் வேகம் இறங்கி, 50 மைலை நெருங்கும்போது ஆட்டம் அடங்கியது.

அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தக் கத்தல்தான். ஒரு ஆட்டம் போய் வர ஒன்றிரண்டு நொடிதான் ஆகும். கண் பார்த்து, கை திருப்பி, டயர் பதில் சொல்வதற்குள் கேரவன் மறுபக்கம் கிளம்பியிருக்கும். அப்போது நாம் திருப்புவது ஊஞ்சலைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவதற்குச் சமம். பிரேக்கை ஓங்கி மிதித்தால் கேரவன் காரை முன்னோக்கித் தள்ளி, இரண்டும் கத்திரிக்கோல் போல மடியும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். ஆட்டத்தை அடக்கும் சக்தி வேகம் கூடக் கூடக் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது பூஜ்ஜியமாகி, அதற்கு மேல் சின்ன உதைகூடத் தானாக வளரும். வேகத்தைக் கூட்டுவது அந்த எல்லையை நோக்கி ஓடுவதுதான்.

கடையில் சொன்ன கணக்கு

காரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தகட்டில் நான்கு எடைகள். முதலாவது காரின் அதிகபட்ச எடை 1,880 கிலோ. இரண்டாவது காரும் கேரவனும் சேர்ந்து 3,380 கிலோ. மற்ற இரண்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 1,500. அதுதான் இழுக்கும் வரம்பு. கேரவனின் தகட்டில் அதிகபட்ச எடை 1,290 கிலோ, காலி எடை 1,130 கிலோ.

"கார் 1,500 இழுக்கும். கேரவன் நிறையச் சுமை ஏற்றினாலும் 1,290. இன்னும் 210 கிலோ மிச்சம்." கடையில் இவ்வளவுதான் சொன்னார்கள். இதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. ஆனால் அந்த 1,500 எந்தக் கேள்விக்கான பதில் என்று யாரும் சொல்லவில்லை. ஐரோப்பிய விதிப்படி, 12 சதவீத ஏற்றத்தில் நின்ற வண்டி ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும். இழுக்கும் வரம்பு அந்தச் சோதனையைத் தாண்டக்கூடியதாக இருக்க வேண்டும். எஞ்சினும் கிளட்சும் தாங்குமா என்பதற்கு அது நல்ல பதில். இறக்கத்தில் 60 மைலில் பின்னால் வால் ஆடினால் கார் அதைப் பிடித்து நிறுத்துமா என்ற கேள்வியை அந்தச் சோதனை கேட்பதே இல்லை.

அந்தக் கேள்விக்கு பிரிட்டனின் கேரவன் சங்கங்கள் வேறொரு கணக்கு வைத்திருக்கின்றன. கேரவனின் அதிகபட்ச எடை காரின் கெர்ப் வெயிட்டில், அதாவது சாமானும் பயணிகளும் இல்லாத எடையில், 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது புதியவர்களுக்கான அறிவுரை. அனுபவம் உள்ளவர்கள் 100 வரை போகலாம், அதற்கு மேல் யாரும் வேண்டாம். இது சட்டமல்ல, அறிவுரைதான். காரணம் எளிது: ஆட்டம் கிளம்பிவிட்டால் கனமானது லேசானதை இழுத்துக்கொண்டு போகும்.

அவர் காரின் கெர்ப் வெயிட் 1,365 கிலோ. அதில் ஓட்டுநருக்கான 75 கிலோவும் அடக்கம். சில பட்டியல்களில் அது சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது. கார் கையேட்டில் எந்த முறை என்று பார்த்தே எடுக்க வேண்டும். 1,365இல் 85 சதவீதம் 1,160. கேரவனோ 1,290. அதாவது 94.5 சதவீதம். கடையில் சதவீதமும் போட்டுக் காட்டியிருந்தார்கள். ரசீதின் பின்பக்கம் பேனாவால் "83%" என்று இருந்தது. 1,130ஐ 1,365ஆல் வகுத்தால் அதுதான் வரும். காலி எடையை வைத்து வகுத்திருக்கிறார்கள். பாத்திரம் பண்டம் ஏற்றாமல் யாராவது விடுமுறைக்குக் கேரவன் இழுத்துப் போவார்களா? இந்த ஒரு வகுத்தல் தப்புதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எடைமேடையில்

கேரவன் மட்டும் 1,385 கிலோ. அதன் சொந்த வரம்பைவிட 95 கிலோ கூடுதல். சட்டப்படி இதுவே குற்றம். காரின் கெர்ப் வெயிட்டோடு ஒப்பிட்டால் 101.5 சதவீதம். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "நாங்கள் அதிகமாக எதுவும் ஏற்றவில்லையே" என்றார் மனைவி. உண்மையில் அவர்கள் அதிகமாக ஏற்றவில்லை. 1,290க்கும் 1,130க்கும் நடுவே இருப்பது 160 கிலோ மட்டும். அதில்தான் முந்தைய சொந்தக்காரர் மாட்டிய மோட்டார் மூவரும் (கேரவனைக் காரில்லாமல் நகர்த்தும் கருவி) பேட்டரியும் எரிவாயு உருளைகளும் அடங்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஐந்து பேரின் துணி, சாமான், சாப்பாடு எல்லாம்.

கார் ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் 1,750 கிலோ. இரண்டும் சேர்த்து 3,135. தகட்டில் இருந்த 3,380ஐவிட 245 கிலோ குறைவு. கேரவனும் 1,500க்குள்தான். காரின் தகட்டை மட்டும் பார்க்கும் ஒருவர் இந்த ஜோடியை அன்றைக்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்து மூக்குச் சுமை. கேரவனின் முன்முனையில் உள்ள கொக்கி, காரின் பின்னால் அது மாட்டும் இரும்புப் பந்தை, அதாவது டோ-பாலை, எவ்வளவு அழுத்துகிறது என்பது. இது கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். இங்கே 69 முதல் 97 கிலோ. அந்தப் பந்தைத் தாங்கும் டோ-பாரின் வரம்பு 75 கிலோ, கேரவன் கொக்கியின் வரம்பு 100. இரண்டில் சிறியதுதான் கணக்கு. அப்படியானால் 70ஐ ஒட்டி இருக்க வேண்டும். முன்முனையைத் தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலால் மூக்கைத் தூக்கி, கொக்கியின் அடியில் சுமை காட்டும் அளவுகோலை வைத்து மெதுவாக இறக்கினேன். முள் 38இல் நின்றது. நம்பாமல் இன்னொருமுறை வைத்தோம். அதே 38.

வாலில் தொங்கிய சைக்கிள்கள்

காரணம் கேரவனின் பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் இரண்டு சைக்கிள்களும் அவற்றைத் தாங்கும் ரேக்கும் சேர்த்து 38 கிலோ. கேரவனின் அச்சிலிருந்து பின்னால் 3 மீட்டர் தள்ளி. அச்சிலிருந்து முன்னால் கொக்கி வரை 4 மீட்டர். பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரிதான்: 38ஐ 3ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 28.5. பின்னால் தொங்கிய அந்த 38 கிலோ, மூக்கிலிருந்து 28.5 கிலோவைத் தூக்கிவிட்டிருந்தது.

அதைவிட மோசமான வேலை ஒன்றையும் அது செய்துகொண்டிருந்தது. சுழலும் பொருளை நிறுத்த எவ்வளவு சிரமம் என்பது எடையை மட்டும் பொறுத்ததல்ல, அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 38 கிலோ 3 மீட்டரில் இருந்தால் 38ஐ 9ஆல் பெருக்க வேண்டும், 342. அதே 38 கிலோ அச்சுக்கு அரை மீட்டர் பக்கத்தில் இருந்தால் 9.5. முப்பத்தாறு மடங்கு வித்தியாசம், எடை ஒரு கிராம்கூடக் குறையாமல். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றியவர்களுக்குத் தெரியும், கயிறு நீள நீளக் கையை அது எப்படி இழுக்கும் என்று.

பாத் பல்கலைக்கழகத்தில் காரும் இழுவண்டியும் வேகமாகப் போகும்போதான உறுதிநிலையை ஓட்டிப் பார்த்து ஆராய்ந்து, 2009இல் வெளியிட்டார்கள். சுமை எங்கே பரவியிருக்கிறது, மூக்குச் சுமை எவ்வளவு, அச்சு எங்கே இருக்கிறது என்ற மூன்றும் பெரிய வித்தியாசம் செய்கின்றன என்றும், இழுவண்டியின் மொத்த எடை மட்டும் தனியாக அவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்றும் கண்டார்கள். இதைப் படித்துவிட்டு 85 சதவீதக் கணக்கைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆட்டம் எந்த வேகத்தில் கிளம்பும் என்பது பெரும்பாலும் சுமை அடுக்குவதில் இருக்கிறது. கிளம்பிய பிறகு யார் யாரைக் கட்டுப்படுத்துவது என்பதில் காரின் எடை வருகிறது. இந்தக் குடும்பத்துக்கு இரண்டுமே எதிராக இருந்தன.

டோ-பாலில் கிரீஸ்

கேரவனின் கொக்கியில் உராய்வுப் பட்டைகள் கொண்ட ஸ்டெபிலைசர் இருந்தது. கடையில் "ஸ்டெபிலைசர் இருக்கிறது, ஆடாது" என்று சொன்னதை அவர் நம்பியிருந்தார். டோ-பாலின் மூடியைக் கழற்றினேன். விரல் வழுக்கியது. கறுப்பாகக் கெட்டி கிரீஸ். யாரோ நல்ல எண்ணத்தில், துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று தடவியிருக்கிறார்கள். சாதாரணக் கொக்கிக்கு அது சரி. உராய்வுப் பட்டைகள் பந்தை இறுக்கிப் பிடித்துத்தான் ஆட்டத்தைத் தணிக்கும். எண்ணெயோ பெயிண்டோ இல்லாத சுத்தமான இரும்புதான் அதற்கு வேண்டும். பட்டைகளும் எண்ணெய் குடித்து மினுமினுத்தன. மாற்றுவதைத் தவிர வழியில்லை. பாத் ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: உராய்வு ஸ்டெபிலைசர் மெதுவான ஆட்டங்களைத் தணிக்க உதவும், அதிவேகத்தில் பெரிய காவல் ஆகாது. அதை நம்பிச் சுமையைக் கோணலாக அடுக்கக் கூடாது.

டயரையும் பார்த்தோம். பக்கச்சுவரில் இருந்த அழுக்கைத் துணியால் துடைத்ததும் நான்கு இலக்கம் தெரிந்தது: 2314. 2014ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். பள்ளங்கள் புதுசு போல ஆழமாகவே இருந்தன. கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகிறது. ஐந்து வருடத்தில் மாற்றுவது நல்லது, ஏழு வருடத்தைத் தாண்டவே கூடாது என்பார்கள். இது ஒன்பது. ரப்பரை விரலால் வளைத்தால் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. கார் டயர்களிலும் ஒரு குறை: சுமை இல்லாதபோது வைக்கும் அழுத்தமே இருந்தது. கேரவன் இழுக்கும்போது பின் டயருக்கு எவ்வளவு என்று கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும். தளர்ந்த பின் டயர் என்றால் கார் தானே பக்கவாட்டில் நெளியும்.

சரிசெய்தது

சைக்கிள்களையும் ரேக்கையும் எடுத்தோம், 38 கிலோ. தண்ணீர்த் தொட்டியில் 40 லிட்டர், அதாவது 40 கிலோ. முகாம் போய்ச் சேர்ந்து நிரப்பிக்கொள்ளலாம், வடித்துவிட்டோம். டின் உணவும் பானங்களும் 22 கிலோ. இரண்டு எரிவாயு உருளைகளில் ஒன்று, 14 கிலோ. மீதி 1,271. வரம்புக்குள் வந்தாயிற்று.

பின்கட்டிலுக்கு அடியில் இருந்த 26 கிலோ கூடாரத் துணியை அச்சுக்கு மேல் தரையில் கொண்டுவந்தோம். அளவுகோலை மறுபடி வைத்தோம். 70. காரின் பின் அச்சையும் கணக்கிட்டேன், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கொக்கி பின் சக்கரத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது. அதனால் 70 கிலோ அழுத்தினால் பின் அச்சுக்கு 97 கிலோ ஏறுகிறது, முன் சக்கரம் 27 கிலோ இலேசாகிறது. பின் அச்சு ஏற்கெனவே 860, இப்போது 957, வரம்பு 985. சரியாக இருந்தது. ஆனால் பின் டிக்கியில் இன்னும் ஒரு பெட்டி வைக்க இடம் இருக்கிறது என்று நினைத்தால் கணக்கு உதைக்கும்.

புது டயர், புதுப் பட்டைகள். ஞாயிறு விடியற்காலை காலியான எம்42இல் நானே ஓட்டிப் பார்த்தேன். 55 வரை ஒரு அசைவும் இல்லை. அதே கார், அதே கேரவன்.

அப்போதும் விகிதம் 93 சதவீதம். எனக்கு அது போதும். முதல் பயணத்திலேயே பயந்துபோன ஒருவருக்கு, பின்சீட்டில் மூன்று பிள்ளைகளோடு, போதாது என்று நினைத்தேன், அப்படியே சொன்னேன். 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை இழுவண்டி இழுக்கலாம். அதற்கு முன்பும் இவருடைய எடைக்குத் தனித் தேர்வு தேவைப்பட்டிருக்காது. ஆக, அவருக்கு இதைக் கற்றுத்தரும் கட்டாயம் எந்தக் கட்டத்திலும் யாருக்கும் இல்லை. கேரவன் சங்கம் நடத்தும் பயிற்சி வகுப்புக்குத் தானாகவே பணம் கட்டிப் போனார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

கேரவனை விற்பதா காரை மாற்றுவதா என்று இரண்டு வாரம் யோசித்தார்கள். கார் எப்படியும் பழசு. மின்கார் வாங்கலாம் என்றார் மனைவி, பேட்டரி கனம்தானே, விகிதம் நன்றாக வருமே என்று. நல்ல யோசனை, ஆனால் கனமாக இருப்பது மட்டும் போதாது, இழுக்க அனுமதியும் வேண்டும். நிஸான் லீஃப் அவர்களின் முதல் விருப்பம், அன்று விற்ற மாடலுக்கு இழுவண்டி இழுக்கும் அனுமதியே இருக்கவில்லை. கடைசியில் 1,610 கிலோ கெர்ப் வெயிட் உள்ள ஒரு டீசல் எஸ்டேட் கார் (பின்பக்கம் நீண்ட டிக்கி உள்ளது) எடுத்தார்கள். 1,290 அதில் 80 சதவீதம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் அதிகம், டோ-பார் வரம்பு 80 கிலோ. வாங்குமுன் தகட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். கணக்கை அவரே போட்டிருந்தார், கேரவனின் அதிகபட்ச எடையை வைத்து.

அக்டோபர் பள்ளி விடுமுறையில் மறுபடி கார்ன்வால். சைக்கிள்களைக் கொண்டுபோகவில்லை. வேட்பிரிட்ஜில் வாடகைக்கு எடுத்து, பழைய ரயில் பாதையில் போடப்பட்ட கேமல் டிரெயிலில் பிள்ளைகள் பேட்ஸ்டோ வரை ஓட்டினார்கள். ஏவன்மவுத் பாலத்தில் காற்று இருந்ததாம். ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியவில்லை என்று செட்ஜ்மூரிலிருந்து ஒரு வரி அனுப்பியிருந்தார்.

திரும்பும் நாள் காலை இன்னொரு செய்தி வந்தது. இரவெல்லாம் மழை. ஈரமான கூடாரத் துணியைக் கட்டிலின் மெத்தையில் படாமல் இருக்க முன்பக்க இருக்கைக்குக் கீழே திணித்திருக்கிறார். தண்ணீர் குடித்து அது 30 கிலோ ஆகியிருக்கிறது. கிளம்புமுன் அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூக்கில் 84. துணியை வெளியே இழுத்து, பிளாஸ்டிக் விரித்து, அச்சுக்கு மேல் வைத்துவிட்டு மறுபடி பார்த்திருக்கிறார். படத்தில் சேறு படிந்த ஜாக்கி வீலும், மழைத்துளி நிற்கும் அளவுகோலும். முள் 74இல் நின்றது.